முன்பு இருந்தது, இப்போது இல்லை

2025 பிப்ரவரி 3, திங்கள்

மிளகாய்ப் பழம் இரண்டாம் எடுப்பு. பழம் எடுக்க ராக்கு வந்திருந்தாள். 2011-ல் என்னிடம் வாங்கிப்போன உலக்கையைப் பற்றி இன்றைக்கும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

பேத்தி மதுமதி காலை ஆறு நாற்பது பஸ்ஸில் ராமநாதபுரம் போனாள். மெடிக்கல் கோடிங் வகுப்பு, போன வாரம் சேர்ந்தாள். விலங்கியல் படித்து முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்த பிள்ளை. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதிவைப்பாராம். அதைப் படித்து, நோய்க்கும் வைத்தியத்துக்கும் என்ன நம்பரோ அதை இவள் போட வேண்டுமாம். அந்த நம்பரைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்குக் கட்டுவானாம்.

"அங்கன ஒருத்தன் கால ஒடிச்சுக்கிட்டா இங்கன நீ நம்பர் போடுவியா?" என்றேன்.

"எந்தக் காலு, எந்த எலும்பு, எப்படி விழுந்தான், எல்லாத்துக்கும் இருக்கு அப்பத்தா. மாடு முட்டினாக்கூட இருக்கு."

"டாக்டர் எழுத மறந்துட்டா?"

"டாக்டர் எழுதாதது நடக்காதது. நாமளா எதையும் சேர்க்கக் கூடாது."

இது என்ன நியாயம்? அப்படிப் பார்த்தால் எனக்கு நடந்த எதுவுமே நடக்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். அதை யார் எழுதிவைத்தார்கள்? அதனால்தான் அவளிடம் கேட்டு இந்த நோட்டை வாங்கினேன்.

பிப்ரவரி 5, புதன்

ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தாள். வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாளாம். கால் வீங்கியிருந்தது.

பிப்ரவரி 12, புதன்

வகுப்பு முடிய ஆறரை. அதற்கு மேல் நம் ஊருக்கு ஒரே பஸ், அதுவும் வந்தால் உண்டு. இன்று வரவில்லை. முதுகுளத்தூரில் நின்றவளை மகன் பிரபாகரன் வண்டியில் போய்க் கூட்டிவந்தான். சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"ஆத்தா, கோவிச்சுக்கிறாத. ராம்நாட்டுல கனகலட்சுமி அத்தை வீடு இருக்கு. மூணு மாசம் அங்க தங்கட்டுமே."

"ஏலே, அந்த வாசல்ல எஞ் செருப்பு கிடக்காது."

"உஞ் செருப்ப யாரு கேட்டா? அவ செருப்புத்தான கிடக்கப்போகுது." சிரிக்கிறான்.

கனகு என் நாத்தனார். என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவள். 2004 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். நான் உள்ளே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: "எங்கண்ணன ஒரு ஊசி போடக்கூடக் கூட்டிட்டுப் போகாம சாகவிட்டுட்டா." கிளிப்பச்சைச் சேலை, மாம்பழ நிறக் கரை. சொல்லிவிட்டு இரண்டாவது தடவை ரசம் வாங்கினாள்.

நான் அவரை முதுகுளத்தூருக்கு மூன்று தடவை, பரமக்குடிக்கு ஒரு தடவை கூட்டிப்போனேன். யாரும் எழுதிவைக்கவில்லை. இப்போது நான் எழுதுகிறேன். நான்கு தடவை.

பிப்ரவரி 16, ஞாயிறு

போய்விட்டாள். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு அப்பத்தா, நான் போகல" என்றாள். வாய்வரை வந்தது. அந்த வீங்கிய காலைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அரிசியும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்பினேன். என் சோற்றைத் தின்றாள் என்று நாளைக்கு எவளும் பந்தியில் சொல்லக் கூடாது.

மார்ச் 8, சனி

வீட்டுக்கு வந்தாள். முகம் தெளிந்திருக்கிறது. தலையில் எண்ணெய் வழிய ரெட்டைப் பின்னல், இருபத்திரண்டு வயதில். கனகு பின்னிவிட்டாளாம். நான் பின்னுகிறேன் என்றால் மட்டும் இவளுக்கு நேரம் இருக்காது.

"ராம்நாட்டு அப்பத்தா உன் மிளகாய்த்தூளப் பத்தி ஒண்ணு சொல்லிச்சு. சொல்லவா?"

"வேணாம்."

சொன்னாள். "'என்னடி இதுல காரமே இல்ல, எல்லாம் உங்கப்பத்தா வாயிலயே தங்கிருச்சா?'ன்னு கேட்டுச்சு."

மருமகள் மகேஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பார்த்தேன். மார்ச் 8, சனிக்கிழமை, மகேஸ்வரி சிரித்தாள்.

புதுப் பழம் காய்ந்ததும் நானே திரித்து அனுப்புகிறேன். அப்போது தெரியும்.

மார்ச் 29, சனி

பரீட்சையில் எண்பத்துநாலு. தொண்ணூற்றைந்து வேண்டுமாம். அதற்குக் கீழே என்றால் மதுரைக் கம்பெனி வேலைக்குக் கூப்பிடாது.

எங்கே தப்பு போகிறது என்று கேட்டேன். ஒரே இடத்தில்தானாம், திரும்பத் திரும்ப. ஒரு அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கேன்சர் வந்து, வைத்தியம் பார்த்து, சரியாகிவிட்டது. இப்போது வந்தது இருமலுக்கு. இவள் கேன்சர் இருப்பதாக நம்பர் போட்டிருக்கிறாள். சொல்லிக்கொடுக்கிற பாக்கர் சார் புதுமடத்துக்காரர், நல்ல மனுஷராம், ஆனால் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் வைதாராம்: "ஏம்மா, ஆறிப்போன சீக்க நீயா திரும்பக் கூட்டிட்டு வாரியே. பழச பழசுன்னு விடவே தெரியாதா உனக்கு?"

"நீ என்ன சொன்னே?"

"எங்க குடும்பத்துல யாருக்குமே தெரியாது சார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன நோய்க்கு வேறு நம்பர் இருக்கிறதாம். முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று சொல்கிற நம்பர். போனதுக்கு எதற்கு நம்பர் என்றேன். "இருந்துச்சுங்கறத மறக்கவும் கூடாது அப்பத்தா. இன்னும் இருக்குன்னும் சொல்லக் கூடாது." போய்விட்டது என்று எப்படித் தெரியும்? மருந்து, வைத்தியம் எதுவும் இப்போது நடக்கவில்லை என்றால் போய்விட்டது. அவ்வளவுதானாம்.

நாள் முழுதும் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன். விரலெல்லாம் எரிகிறது.

ஏப்ரல் 26, சனி

நேற்று முடிவுப் பரீட்சை. தொண்ணூற்றொன்று. விட்ட கேள்வியில் பாதி அதே தப்பு. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், மே 16. அதிலும் விட்டால் அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்களாம். பிள்ளை இங்கே வரவில்லை. அங்கேயே படுத்திருக்கிறாளாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முத்து போட்டிருக்காம். மொகமெல்லாம். கனகு போன் பண்ணியிருக்கா. என்ன செய்ய? அம்மை கண்ட பிள்ளைய இடம் மாத்தக் கூடாது. மகேஸ்வரிக்கு அம்மை வந்ததே இல்லை, போனா அவளுக்கும் தொத்திக்கும். எனக்கு ஏழு வயசுலயே வந்து போயிருச்சு. வேற யாரு இருக்கா — நாந்தான்.

ஏப்ரல் 30, புதன்

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. கனகு நின்றாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது.

"வா மதினி."

"ம்."

இருபத்தொரு வருஷத்துக்கு இதுதான் பேச்சு. என் செருப்பு அந்த வாசலில் கிடக்கிறது.

அம்மை கண்ட வீட்டில் சண்டை கூடாது, கடுஞ்சொல் கூடாது. ஆத்தா கோவித்துக்கொள்வாள். தாளிப்பும் கிடையாது. நான் கூழ் காய்ச்சுகிறேன், அவள் நுங்கு நோண்டுகிறாள். வழியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிடுகிறோம்.

"ரெண்டு அப்பத்தாவும் சத்தமே இல்லாம இருக்கீங்க. எனக்குப் பயமாருக்கு" என்கிறாள் படுத்திருக்கிறவள்.

மே 3, சனி

போனைப் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று இரண்டு பேரும் சொன்னோம். முதல் தடவையாக ஒரே பேச்சு. பரீட்சை இருக்கே என்று அழுதாள். பாக்கர் சார் தினமும் அனுப்புகிற கேள்விகளைக் கனகு வாசிக்கிறாள். பத்தாவது படித்தவள், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கூட்டி வாசிக்க, மதுமதி கண்ணை மூடிக்கொண்டு தமிழில் விளக்கி, விடை சொல்கிறாள். நான் வேப்பிலையால் விசிறுகிறேன்.

ஒரு ஆள், ஐம்பத்தெட்டு வயது. 2009-ல் குடலில் கேன்சர், அறுத்து எடுத்தாகிவிட்டது, மருந்து எதுவும் இல்லை. இன்று வந்தது முழங்கால் வலிக்கு. மதுமதி கேன்சரில் ஆரம்பித்தாள்.

"இருமலுக்கு வந்த அந்தப் பொம்பளைக்கும் இப்படித்தான சொன்னே. அதுக்குத்தான உங்க சார் வஞ்சாரு?" என்றேன்.

"ஆமா, அந்த ஆளுக்கு முழங்கால்தான் முதல்ல" என்றாள்.

"மதினிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றாள் கனகு. அடுத்த கேள்வியை இரண்டு தடவை வாசித்தாள்.

மே 6, செவ்வாய்

முதல் தண்ணீர் ஊற்றினோம். முத்து வாடிவிட்டது. பிள்ளை மத்தியானம் அசந்து தூங்கினாள்.

கனகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அம்மை போட்டப்ப நீதான மதினி பதினோரு நாளும் கிட்டயே இருந்தே."

"பன்னெண்டு."

"அன்னைக்குப் பந்தியில நான் சொன்னது —"

"எந்தப் பந்தி?" என்றேன். நானா அப்படிக் கேட்டேன்? ஆத்தா இருக்கிற வீடு. அதனால்தான் கேட்டேன்.

"எந்தப் பந்தின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் போனதுல யாரையாச்சும் ஏசணும்போல இருந்துச்சு. நீதான் அங்கன இருந்தே."

"நாலு தடவ கூட்டிட்டுப் போனேன் கனகு."

"தெரியும் மதினி. அப்பவே தெரியும்."

தெரியுமாமே! தெரிஞ்சுக்கிட்டேதானா அத்தனை பேரு முன்னால — இருபத்தொரு வருஷம் நான் — ஆத்தா மட்டும் இந்த வீட்டுல இல்லேன்னா இன்னைக்கு ராமநாதபுரமே கேட்டிருக்கும்.

எழுந்துபோய்க் கூழைக் கிண்டினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அவளும் அதைத்தான் குடித்தாள்.

மே 11, ஞாயிறு

மூன்றாம் தண்ணீர். ஆத்தா இறங்கிவிட்டாள். இனிமேல் சண்டை போடலாம். கிளம்பும்போது கனகு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். நான் வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மே 16, வெள்ளி

இன்று எழுதுகிறாள். காளியாத்தாளுக்கு விளக்குப் போட்டேன்.

மே 20, செவ்வாய்

தொண்ணூற்றேழு!! போனில் கத்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குரலும் கத்தியது. ராக்குவுக்குக்கூடச் சர்க்கரை கொடுத்தேன். உலக்கை வேறு விஷயம்.

ஜூலை 6, ஞாயிறு

மதுரைக்குப் போய்விட்டாள். நாளைக்கு வேலையில் சேருகிறாள். முகத்தில் இரண்டு வடு, இடது புருவத்துக்கு மேலே. கம்பெனிக்காரன் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "அதுக்கும் நம்பர் இருக்கு அப்பத்தா" என்று சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் கனகு வந்தாள், நான்கு நாள் இருப்பாளாம். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. கிணற்றுக் கயிறு சரியில்லை, மகேஸ்வரி குழம்பில் புளி அதிகம். வறுத்த மிளகாயை நானும் அவளும் திரிக்கக் கொண்டுபோனோம். வழியெல்லாம் இரண்டு பேருக்கும் தும்மல். இந்தத் தடவைத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மதினி காரம்" என்றாள். கண்ணில் தண்ணீர்.

மதுமதி போன் பண்ணினாள். இந்த மாதம் ஒரு தப்பும் இல்லையாம்.

மேலே தேதி போட்ட பிறகுதான் பார்த்தேன். ஆகஸ்ட் 19. விடிந்ததிலிருந்து நினைவே வரவில்லை.

கிளிப்பச்சைச் சேலை, மாம்பழ நிறக் கரை. கேட்டால் இப்போதும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. ரசத்துக்கு உப்புப் பார்க்க வரச் சொல்லிக் கனகு கூப்பிடுகிறாள்.