போகச் சொல்லும் தாள்கள்

ஜனவரி 14, செவ்வாய்

முப்பத்தொரு கட்டுரைகள். ‘அமெரிக்கச் சுதந்திரப் போர் யாருக்குச் சுதந்திரம் தந்தது?’ பன்னிரண்டு திருத்தினேன். பன்னிரண்டிலும் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் தண்ணீரில் விழுகின்றன. இருபத்தேழு வருடமாக என் மேசையில் விழுந்துகொண்டே இருக்கின்றன.

ஒடாலிஸ் இன்றும் தாமதம். இந்த மாதம் நான்காவது முறை. காரணம் எழுதாத தாமதச் சீட்டை அலுவலகம் ஏற்காது. ‘ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பொறுத்துக்கொள்ளவும்’ என்று எழுதி, கான்ஸ்டன்ஸ் ஃபீனி என்று என் கையெழுத்தும் போட்டேன். தாமதத்துக்குத் தண்டனையாகப் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு பஸ்ஸைத் தவறவிடும். கல்லூரித் தரத்தில் நடக்கிற இந்த வகுப்பில், படித்ததை நம்பாமல் கேள்வி கேட்பவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 23, வியாழன்

வகுப்பில் ஹீட்டர் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே அரசியல் சாசனம் நடத்தினேன். முழங்கால் வலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

நகராட்சிக் கிடங்கிலிருந்து வாங்கி வந்த 1767-ஆம் வருடத்துத் தாள்களின் நகலை வகுப்பில் கொடுத்தேன். அந்தக் காலத்தில் வெளியூர் ஏழைகள் யாராவது இங்கே வந்து தங்கினால், ஊரை நிர்வகித்தவர்கள் காவலரை அனுப்புவார்கள். பதினான்கு நாளுக்குள் கிளம்ப வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு. அதற்குப் பிறகு அவர்கள் பட்டினி கிடந்தாலும் ஊருக்குப் பொறுப்பில்லை. ஒரு தாளில் பேஷன்ஸ் டிரூ என்று ஒரு பெண்: ‘கைக்குழந்தையுடன், தற்சமயம் செருப்புத் தைப்பவர் வீட்டில்.’

எதற்கும் ஜோக் அடிக்கும் பிரெஸ்டன், “நம்ம தாத்தனுங்க நல்லாத்தான் வரவேற்பு குடுத்திருக்கானுங்க” என்றான். வகுப்பே சிரித்தது. ஒடாலிஸ் சிரிக்கவில்லை.

“போகலைன்னா என்ன பண்ணுவாங்க மிஸ்?”

நிறையப் பேர் போகவே இல்லை, தாளை வாங்கி வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார்கள் என்றேன். அதைக் குறித்துக்கொண்டாள். அவள் குறிப்பெடுத்து நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

துணை முதல்வர் ஹால்வர்சன் கூப்பிட்டார். மேசையில் ஒரு கோப்பு. மேலே என் தாமதச் சீட்டு. ‘அக்கரையிலிருந்து’ என்ற சொல்லின் மேல் மஞ்சள் மை.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் மூன்று நாள் காலையில் காரில் உட்கார்ந்து, பதினாறு வயதுப் பெண் எந்த வாசலிலிருந்து வெளியே வருகிறாள் என்று படம் பிடித்திருக்கிறார். அக்டோபரில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டதால் தாயும் மகளும் காலி செய்திருக்கிறார்கள். அன்று முதல் அக்கரையில் தாயின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு சோபாவில் படுக்கை. இந்த ஊரில் குடியிருக்காதவளுக்கு இந்த ஊர்ப் பள்ளி கிடையாதாம். 28-ஆம் தேதியோடு பெயரை நீக்கிவிடுவார்கள். பொதுத்தேர்வு மே மாதம்.

“சீட்டுல எழுதினதையே ஒரு வாக்குமூலமா எழுதிக் குடுத்துடுங்க கான்னி. சுலபமா முடிஞ்சுடும்” என்றார். கோபமாகக்கூட இல்லை. தூங்காத முகம் அவருக்கும்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க என்னடி இருக்கு உனக்கு?

பிப்ரவரி 14, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

குளிர்கால விடுமுறை. திருத்த வேண்டிய கட்டு அப்படியே கிடக்கிறது. காலையிலிருந்து சட்டம் படித்தேன். வீட்டை இழந்து உறவினரிடம் ஒண்டியிருக்கும் பிள்ளைகளை, ஏற்கெனவே படித்த பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. நாடு முழுவதற்கும் உள்ள சட்டம் இது. மாநில அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்த பெண், இதெல்லாம் உங்கள் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றாள். எனக்கே தெரியவில்லையே. இருபத்தேழு வருடம்.

தாய் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

பிப்ரவரி 20, வியாழன்

அக்கரைக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஒடாலிஸின் தாய் யெசெனியா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். காபியும் வறுத்த வாழைக்காயும் வைத்தாள். சாப்பிடும் முன் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன் — சீட்டு எழுதியது நான்தான் என்று.

காபிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, “கெட்டது பண்ண எழுதியிருந்தா திட்டிட்டுப் போயிடுவேன். நல்லது பண்ணணும்னு எழுதியிருக்கீங்க. என்னத்தச் சொல்ல” என்றாள்.

பாரத்தை வாசித்தாள். ‘வீடற்றவர்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“நான் தெருவுல படுக்கலை மிஸ். ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம இருந்ததில்லை. இதுல நான் கையெழுத்துப் போடணுமா?”

அது வெறும் சொல் என்று நான் எப்படிச் சொல்வது, சொல்லை வைத்துத்தானே இத்தனையும் நடந்தது?

ஒடாலிஸ் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “அவங்க நம்மள என்னன்னு வேணா கூப்பிடட்டும்மா. எனக்கு அந்தப் பரீட்சை எழுதணும்.”

கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி.

பிப்ரவரி 27, வியாழன்

வட்டாரக் கல்வி அதிகாரி முன் விசாரணை. யெசெனியா வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். சீட்டு என்னுடையது, பிள்ளை திட்டு வாங்கக் கூடாதென்று எழுதியது, அது சாட்சியம் அல்ல என்றேன். சட்டத்தின் நகலை மேசையில் வைத்தேன். நான் யார் பக்கம் என்று ஹால்வர்சன் கேட்டார். அதிகாரி வெளியே போய் வக்கீலிடம் போனில் பேசிவிட்டு வந்தார். ஒடாலிஸ் படிக்கலாம். அவளை அழைத்துவர வண்டியும் பள்ளியே அனுப்ப வேண்டும்.

ஜெயித்தோம் என்று எழுத வரவில்லை. யெசெனியா அதிகாரிக்கு நன்றி சொன்னாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

ஒடாலிஸ் இப்போது தினமும் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுகிறாள். கடைசி வரிசை. கேள்வி கேட்பதில்லை. நான் கேட்டால் சரியான பதில், இரண்டே வார்த்தை. அவள் பேசாத வகுப்பு எனக்கு நீளமாக இருக்கிறது.

பிரெஸ்டனுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொள்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

திருத்தினேன். தூங்கினேன். திருத்தினேன்.

மே 9, வெள்ளி

தேர்வு. பாடம் நடத்தியவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வெளியே வந்து கத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள். ஒடாலிஸ் நேராகப் பள்ளி அனுப்பிய வண்டிக்குப் போய் ஏறிக்கொண்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

அடுத்த வருட அட்டவணை வந்தது. கல்லூரித் தர வகுப்பு இனி எனக்கு இல்லை. போன வருடம் சேர்ந்த இளைஞருக்குப் போகிறது. எனக்கு ஒன்பதாம் வகுப்பு, உலகப் புவியியல், ஐந்து பிரிவுகள். புது ரத்தம் வேண்டுமாம், ஹால்வர்சன் விளக்கினார். மிகவும் மரியாதையாக.

அழுகை வரும் என்று வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். நாலு மணிக்கே தூங்கிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடைசி நாள். சுவரிலிருந்து பதின்மூன்று காலனிகளின் வரைபடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒடாலிஸ் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சுருட்டினோம்.

“அம்மாவுக்கு வீடு கிடைச்சிருச்சு. அக்கரையில. எனக்குன்னு கதவு இருக்குற ரூம்.”

அடுத்த வருடம் ஒன்றுதான் பாக்கி, இங்கேயே முடிக்கலாம், அதிகாரியிடம் நான் பேசுகிறேன் என்று அவசரமாக ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

“வேணாம் மிஸ். இப்ப யாரும் என்னைப் போகச் சொல்லலை. நானாப் போறேன்.”

வரைபடத்துக்கு ரப்பர் பேண்ட் தேடினேன். கிடைக்கவில்லை. அவள் தன் தலையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

“காலேஜுக்குச் சிபாரிசுக் கடிதம் வேணும். அதை நீங்கதான் எழுதணும்.”

சரி என்றேன். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும்.”

“காட்டறேன்.”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் வரியை எழுதி அடித்தேன். இரண்டாவதையும் அடித்தேன். மூன்றாவது பரவாயில்லை.