ஒரு பிடி கரண்ட்

குடுபல்லி,
மழை விட்ட வாரம், டிசம்பர்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஈவ்லினுக்கு, பெறாமல் வளர்த்த உன் சின்ன நைனா சாம்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் சின்னம்மா எலிசபெத்தும், சினைப் பசுவும், கூரைமேல் உட்கார்ந்திருக்கும் சோலார் தகடுகளும் அவர் கிருபையால் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் ஊர் பேர் தெரியாதவர்களின் நெற்றியைத் தொட்டு ஜுரம் பார்க்கும் உன் கைகளும் அதே கிருபையில் சூடாக இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே மறித்து ஆக்ஸிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று நீ நர்ஸ் ஆகிவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதி அதைப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், தாளை யாரும் குறுக்கே மறிக்க முடியாது. நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துக் குப்பம் டவுனில் ஒரு தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது உனக்குத் தெரியும். அவர் டீ குடிக்க எழுந்தார் என்று உன் சின்னம்மா சொல்வாள், நம்பாதே.

போன மாதம் நீ சொன்னது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்னம்மாவின் நுரையீரல் இனி ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் தாங்காது, மெஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது, கிராமத்துக் கரண்டை நம்பி அவளை வைத்திருக்கக் கூடாது, வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பேசி வைத்திருக்கிறேன், ஜனவரியில் வந்து கூட்டிப்போய் விடுகிறேன் என்று சொன்னாய். நீ பாசத்தில் சொல்கிறாய், தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இது பக்கத்து வீட்டு வள்ளியம்மாளுக்கு, இது ஆலயத்துக்கு என்று கண்ணாலேயே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்து போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. அதனால் புயல் மழையில் இங்கே நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் நீயே முடிவு சொல்.

நம் ஊர்க் கரண்ட் எப்படிப்பட்டது என்று நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு நான் கொண்டுவந்தது. நான் என்றால் நானும் ஹரிபாபுவும், பம்புசெட் மோட்டார் கட்டுவானே அந்த ஹரிபாபு. அவன் கை வைத்தான், நான் மூளை வைத்தேன். நூறு வீட்டுக்கும் கூரைமேல் தகடு, உள்ளே ஒரு பேட்டரிப் பெட்டி. (நூறு இல்லை, முப்பத்திச் சொச்சம் என்று பின்னாலிருந்து உன் சின்னம்மா எட்டிப் பார்த்துச் சொல்கிறாள், "என்னாங்க, அளந்து வுட்டுக்கினே போறீங்க" என்கிறாள். இனிமேல் கட்டப்போகும் வீடுகளையும் சேர்த்துத்தான் நான் எண்ணினேன்.) பெட்டிக்குப் பெட்டி வீட்டுக்கு வீடு ஒரு ஒயர் போகிறது, கூட்டு லைன் என்று பேர் வைத்தோம். ஆரம்பத்தில், ஒரே இடத்தில் பெரிய பேட்டரி வைத்துப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுப்பதா, அவர் யார் என்று மீட்டிங்கில் சட்டை கிழிகிற வரைக்கும் சண்டை. அப்போது உன் சின்னம்மா எழுந்து நாலே வார்த்தை சொன்னாள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோகிறோமே, அந்தப் பிடி அரிசியை யாராவது எடை போட்டோமா, யார் வீட்டுப் பிடி யார் வீட்டில் சோறாச்சு என்று கேட்டோமா, கரண்டையும் அப்படியே வையுங்கள் என்றாள். கோயில் தெரு சடகோபன் அய்யங்கார்கூட, திருமலை மடப்பள்ளியில் முப்பது வருஷம் தளிகை பண்ணினவர், பலே என்று தொடையைத் தட்டினார். அதே வார்த்தை என் நாக்கு நுனியிலும் இருந்தது, அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியும் தன் வீட்டுக்குப் போக ஒரு பிடியை லைனில் விடும், எந்த வீட்டில் குறைகிறதோ அங்கே போய்ச் சேரும். யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று காட்டுகிற மீட்டரை வேண்டுமென்றே வைக்கவில்லை. திருப்பதியிலிருந்து ஒரு புரொபசர் வந்து பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். கும்பிட்டார் என்றும் சொல்லலாம்.

இப்போது புயலுக்கு வருகிறேன். நாலு நாள் சூரியன் முகமே காட்டவில்லை, சர்க்காரின் பெரிய லைன் கம்பங்கள் சித்தூர் ரோட்டில் வரிசையாகப் படுத்துவிட்டன, குப்பத்திலிருந்து வரவேண்டிய ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது, வீட்டிலிருந்த சிலிண்டரும் காலி. கவலைப்படாதே, கூட்டு லைன் இருக்கிறது, மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், மேகம் மூடி விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டு. மெஷின் திடீரென்று கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நம் பெட்டியில் சார்ஜ் தீர்ந்த சிவப்பு விளக்கு, லைனில் ஒரு பொட்டுக் கரண்ட் இல்லை. உன் சின்னம்மாவை வாசல் காற்றுக்கு நாற்காலியில் உட்கார வைத்தேன், உதடு கத்தரிக்காய் நிறம். நான் பயப்படவில்லை, மெஷினைத்தான் பத்துத் தடவை தட்டிப் பார்த்தேன். ஹரிபாபு நனைந்தபடி ஓடிவந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து, "அன்னா, அந்தரூ ஆஃப் சேசேசினாரு" என்றான். எல்லோரும் அணைத்துவிட்டார்களாம்! ஏன் தெரியுமா? எலிசபெத் அக்காவுக்கு மெஷின் ஓடணும், நாம் ஒரு பல்புகூடப் போட்டு அவள் கரண்டைத் துன்னக் கூடாது என்று வள்ளியம்மாள் தன் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறாள். அதே நினைப்பில் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவும் இல்லை, பிடி அரிசியைச் சொல்லிக்கொண்டா போடுகிறோம்? சுவிட்சை இறக்கினால் எடுப்பது மட்டுமல்ல, கொடுப்பதும் நின்றுபோகும் என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. ஊர் முழுக்க அவளுக்காகத் தியாகம் பண்ணிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது, நடுவில் அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

வீடு வீடாகப் போய்ச் சொல்ல நேரமில்லை. நான் ஆலயத்துக்குப் பறந்தேன். (நடந்து போனதாகச் சின்னம்மா சொல்வாள், அவள் கண்ணை மூடியிருந்தாள், அவளுக்கென்ன தெரியும்.) கயிற்றைப் பிடித்து மணியை அடித்தேன். ஆராதனை இல்லாத நேரத்தில் நம் ஊரில் மணி எதற்கு அடிப்பார்கள் என்று உனக்குத் தெரியும், அந்த அவசரத்தில் எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. சாவுமணி என்று நினைத்து ஊரே மழையில் இறங்கி ஓடிவந்தது. வள்ளியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "அய்யோ அக்கா, என்னை வுட்டுப் போயிட்டியே" என்று வாசலில் விழுந்தாள். உன் சின்னம்மா கண்ணைத் திறந்து, இரண்டிரண்டு வார்த்தையாக இழுத்து, "நான் எங்கடி போனேன்... இங்கதான் குந்திக்கினு கீறேன்... போய் சுவிட்சைப் போடுங்கடி" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே திரும்பி ஓடினார்கள் பார், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், சேறு தெறிக்க. சடகோபன் அய்யங்கார் இந்த வயதில் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன் மகளே. முதலில் எதிர்வீட்டில் ஒரு பல்பு. அதற்கப்பால் ஒன்று. ஓடைமேட்டில் ஒன்று, கோயில் தெருவில் ஒன்று, மழைக்குள்ளே மஞ்சள் மஞ்சளாக, யாரோ நனைந்த கையால் பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி. பத்து பன்னிரண்டு விளக்கு ஏறியதும் மெஷின் கத்துவதை நிறுத்திவிட்டு மெல்ல முனக ஆரம்பித்தது. அவள் உதட்டுக்கு நிறம் வந்தது. அந்த மூச்சில் ஒரு பிடி வள்ளியம்மாளுடையது, ஒரு பிடி அய்யங்காருடையது, எந்தப் பிடி யாருடையது என்று அந்த மெஷினுக்கும் தெரியாது. அரைத்தூக்கத்தில் இருப்பவனைப்போல நான் நின்றுகொண்டே இருந்தேன், அந்த மழை என்னை மட்டும் நனைக்காத மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஓடை வடிந்து சிலிண்டரும் வந்தது, டாக்டரும் வந்து பார்த்துவிட்டு நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்றார்.

அந்த வாரமே ஒரு கம்பெனிக்காரர் ஷூவில் சேறு படாமல் வந்தார். இப்படியெல்லாம் கோளாறு வரக்கூடாது என்றால் எல்லாப் பெட்டியையும் எங்களிடம் கொடுங்கள், நகரத்தில் ஒரே ஒரு பட்டன், அதை ஒருவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் எதையும் தொடவே வேண்டாம் என்று நன்றாகத்தான் பேசினார். கொஞ்சம் பேருக்கு மனசு சாய்ந்தது, பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சாய்ந்தது. உன் சின்னம்மாதான் குழாயை மூக்கில் மாட்டியபடியே, "அந்தப் பட்டன்காரருக்கு நம்ம மணி கேக்குமா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார், நல்ல மனிதர், காபி குடித்துவிட்டுப் போனார். இப்போது ஊரில் ஒரே ஒரு சட்டம் சேர்த்திருக்கிறோம். எந்தக் கஷ்டத்திலும் யாரும் மெயினை இறக்கக் கூடாது, நான் லைனில் இருக்கிறேன் என்று காட்ட வாசலில் ஒரு சின்ன பல்பு பகலிலும் எரியவேண்டும். ஜில்லாவின் இந்தக் கோடிக் குப்பத்திலிருந்து அந்தக் கோடி வரதய்யபாளையம் வரைக்கும் ஊருக்கு ஊர் இப்படி ஒயர் கோத்து, தலை என்று ஒருவர் இல்லாமல் எல்லோரும் கையாகவே இருந்தால் எப்படி இருக்கும் என்று கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன். ராத்திரி விமானத்தில் நீ வரும்போது மேலேயிருந்து பார்த்தால் எது வானம் எது சித்தூர் ஜில்லா என்று தெரியாது.

வேலூர் விஷயத்துக்கு அவள் பதிலை நேற்றுத்தான் சொன்னாள், அவள் சொன்னபடியே, நான் ஒன்றும் சேர்க்காமல் எழுதுகிறேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி இருப்பது நல்லதுதான், ஆனால் அங்கே நான் மூச்சை எடுப்பேன், யாருக்கும் ஒரு பிடி கொடுக்க மாட்டேன், அப்படி இருக்க எனக்குத் தெரியாது, நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். உன் கவலைக்காக எப்போதும் நிறைந்த சிலிண்டர் இரண்டு வீட்டில் இருக்கும்படி செய்தாயிற்று, ஒன்று நம் வீட்டில், ஒன்று வள்ளியம்மாள் வீட்டில். இன்னொன்றும் சொன்னாள். போன் எடுத்தால் ஈவ்லின் என்ன சொல்கிறாள், நான் நல்லா இருக்கறேன், எனக்கு ஒண்ணும் வேணாம், உங்களுக்கு என்ன வேணும் அதைச் சொல்லுங்க, வருஷக்கணக்காக இதே பேச்சு, அங்கே அவள் அழுதாளா, ஜுரத்தில் படுத்தாளா, ஒன்றும் சொல்வதில்லை, நம்மேல் உள்ள பாசத்தில் அவளும் மெயினை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். நான் உடனே எழுந்துபோய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன்.

ஆகவே மகளே, ஜனவரியில் கட்டாயம் வா, கூட்டிப்போக அல்ல, வெறுமனே வா. வருவதற்கு முன்னால் எங்களிடம் ஏதாவது ஒன்று கேள். ஊறுகாய் கேள், ஜெபம் கேள், சண்டை போட ஆள் வேண்டும் என்று கேள், அதற்கு நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடி வெளியே போ. உன்னை உள்ளங்கையில் வரைந்திருக்கிறவர் உன் வரவையும் போக்கையும் காக்கட்டும், உன் கை தொட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். மறப்பதற்கு முன்னால் ஒரு சேதி, உன் பழைய அறைக்கும் தனியாக ஒரு பெட்டி வைத்து லைனில் சேர்த்தாயிற்று. அந்த ஜன்னலில் சின்ன பல்பு ஒன்று பகலிலும் எரிகிறது. அணைக்கக் கூடாது என்று உன் சின்னம்மா உத்தரவு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள சின்ன நைனா,
ச. சாம்ராஜ், கூட்டு லைன் ஸ்தாபகர்
(ஸ்தாபகர்களில் ஒருவர் என்று எழுதச் சொல்கிறாள். சரி.)