காப்புக் கட்டின ஊரும் இன்ஷூரன்ஸ் உத்தரவும்

போளூர் (கொடைக்கானல் மலை)
கார்த்திகை 4

அன்பு மக தமிழ்மதிக்கு,

அம்மா எழுதிக்கிறேன். மாரியாத்தா புண்ணியத்துல நானும் அப்பாவும் இங்க நல்லா இருக்கோம், டப்ளின் குளிர்ல நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிறேன். நேத்து போன்ல ஜெயிச்சிட்டோம் ஜெயிச்சிட்டோம்னு நான் கத்துனது மட்டுந்தான் உனக்குக் கேட்டிருக்கும், அதுக்குள்ள டவர் போயிருச்சு, இந்த ஊரு டவர் நாலு தூத்தல் விழுந்தாலே படுத்துக்கிரும். அதான் அடுப்புச் சோலியை அப்படியே போட்டுட்டு உக்காந்து எழுதுறேன், இதைப் பஸ்ஸுல குடுத்து விட்டா உன் சித்தி மக மணிமேகலை போட்டோ எடுத்து அனுப்பிருவா. சந்தோசத்துல அவசரமா எழுதுறேன், எழுத்து கோணல்மாணலா இருந்தாப் பொறுத்துக்க.

விசயம் இதுதான். சித்திரையில நம்ம மாரியாத்தா திருவிழா சமயத்துல அப்பாவுக்குக் குடல்வால் வெடிச்சு ஆபரேசன் பண்ணுனோமே, அதுக்கு இன்ஷூரன்ஸ்காரங்க குடுக்காமப் பிடிச்சு வச்சிருந்த பாதிப் பணத்தையும் ஒரு மாசத்துக்குள்ள குடுத்தாகணும்னு சென்னையில இருக்கிற இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் உத்தரவு போட்டுட்டாரு. முழுசும்டி, ஒத்த ரூவா கொறையாம. உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன், இப்பச் சொல்றேன், வையாத. அந்த ஆஸ்பத்திரிக் காசைக் கட்ட நீ அங்க லோன் வாங்குன நாள்ல இருந்து அப்பா சரியாச் சோறு திங்கல. பெத்த மகளக் கடங்காரியாக்கிட்டேனேன்னு பொலம்பிப் பொலம்பி, கடைசியில மேட்டுத் தோட்டத்தைக் காட்டேஜ் கட்டக் கேட்டுக்கிட்டிருந்த கோயம்புத்தூர்க்காரருக்கே குடுத்துர்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. வர்ற வெள்ளிக்கெழமை அட்வான்ஸ் வாங்கறதா இருந்துச்சு. நம்ம தோட்டத்துலயே நல்ல பூண்டு வெளையற மண்ணு அது ஒண்ணுதான்.

இந்தக் கதை பூராவும் நீ அங்க இருந்து அரைகொறையாக் கேட்டதுதான், வெவரமாச் சொல்றேன். அப்பாவுக்கு வலி ரெண்டு நாளைக்கு முந்தியே வந்துருச்சு. ஆனா ஊரு காப்புக் கட்டியிருந்துச்சு, இவரு கையிலயும் மஞ்சக் காப்பு. காப்புக் கட்டிட்டா எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாதுன்னு உனக்குத்தான் தெரியுமே. வாயுவாத்தான் இருக்கும்னு ஓமத்தண்ணியக் குடிச்சிட்டுச் சுருண்டு படுத்திருந்தாரு, நான் கத்துனதெல்லாம் செவிடன் காதுல ஊதுன சங்குதான். மூணாம் நாள் காலையில வெடிச்சுப்போயி ஆளு வெளுத்ததும் யாரையும் கேக்காம நானே வண்டியில தூக்கிப் போட்டேன். கொடைக்கானல்ல பாத்தவங்க உடனே கீழ கொண்டு போங்கன்னுட்டாங்க. கம்பெனி லிஸ்டுல இருக்கிற ஆஸ்பத்திரி மதுரையில, மலை எறங்குனதும் வத்தலக்குண்டுலயே இவருக்குக் கண்ணு சொருகிருச்சு. லிஸ்டாவது ஒண்ணாவதுன்னு கண்ணுல பட்ட ஆஸ்பத்திரியில சேத்துட்டேன்.

அங்கதான் வில்லங்கம். லிஸ்டுல இல்லாத ஆஸ்பத்திரின்னா பாதிதான், உசுருக்கு அவசரம்னா மட்டும் முழுசுன்னு பாலிசியில இருக்கு. ரெண்டு நாளா வலின்னு டாக்டரு எழுதி வச்சிருந்ததைப் பாத்துட்டு, ரெண்டு நாள்ல மதுரைக்கு வந்திருக்கலாமே, இது என்ன அவசரம்னு கம்பெனி கேட்டுச்சு. அவுக கேட்டதும் நியாயந்தான். உள்ளதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே ஒரு வழி பொறந்திருக்கும். உங்கப்பா விட்டாத்தானே. கேசுக் காயிதத்துல காப்பைப் பத்தி எழுதுனா ஆத்தா மேல பழி போட்ட மாதிரி ஆயிரும், அவ பேரு அதுல வரவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அன்னைக்குக் காலையிலதான் வலி வந்துச்சுன்னு எழுதச் சொல்லிட்டாரு, மணிமேகலையும் எழுதிட்டா. டாக்டரு ஒண்ணு எழுத, நாம ஒண்ணு எழுத, பொய் சொல்றீங்கன்னு கம்பெனி மறுபடியும் தள்ளிருச்சு. அதுக்கப்பறந்தான் நீ சொல்லி, செலவில்லாம வக்கீல் இல்லாம சென்னைக்கு மனுப் போட்டோம்.

விசாரணை வீடியோவுல. நம்ம ஊரு டவரை நம்ப முடியாதுன்னு வெள்ளனே கெளம்பி செண்பகனூர்ல மணிமேகலை வீட்டுக்குப் போயிட்டோம். இடுப்புக்குக் கீழ தெரியாது பெரியம்மான்னு அவ சொல்லச் சொல்ல நான் பட்டுச்சேலைதான் கட்டிக்கிட்டேன், அதிகாரி முன்னால போற நாள்ல பழசைக் கட்டுனா நல்லாவா இருக்கும். கம்பெனி அம்மா ஒருத்தி படபடன்னு பேசி முடிச்சா. பெறகு அதிகாரி நம்மளப் பாத்து, ரெண்டு காயிதத்துல ரெண்டு மாதிரி இருக்கே, எது நெசம்னு பொறுமையாத்தான் கேட்டாரு. அப்பா செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு அந்த வெள்ளிக்கெழமை அட்வான்ஸ் நெனப்பு வந்துச்சு பாரு, வாய் தானாத் தெறந்துக்கிருச்சு. "ஐயா, வலி வந்தது ரெண்டு நாளைக்கு முந்திதான், காப்புக் கட்டுன ஊருன்னு இவரு வரல, அது எங்க தப்பு. ஆனா வெடிச்சது அன்னைக்குக் காலையிலதான். அதுக்கு மேல மதுரை வரைக்கும் போயிருந்தா பணம் முழுசாக் கெடைச்சிருக்கும், மனுசன் கெடைச்சிருப்பாரா?" அவ்வளவுதான் சொன்னேன். கம்பெனி அம்மா குனிஞ்சு எதையோ பொரட்டுனா. சேக்கும்போதே வெடிச்சிருந்துச்சுன்னு ஆஸ்பத்திரி டாக்டரு எழுதிக் குடுத்ததை அதிகாரி ரெண்டு தடவை படிச்சாரு.

காப்பைப் பத்தி நான் சொல்லிட்டேன்னு, திரும்பி வர்ற பஸ்ஸுல அப்பா மூஞ்சி உர்ருன்னு கெடக்கு. நேத்து மணிமேகலை உத்தரவோட வந்து, வலி எப்ப வந்துச்சுங்கறது முக்கியமில்ல, ஆஸ்பத்திரியில நொழையும்போது உசுரு எந்த நெலமையில இருந்துச்சுங்கறதுதான் முக்கியம்னு போட்டிருக்குன்னு வாசிச்சா. உங்கப்பா கேட்ட மொதக் கேள்வி, அதுல ஆத்தா பேரு இருக்கான்னு. இல்ல பெரியப்பா, உள்ளூர் வழக்கம்னு மட்டுந்தான் இருக்குன்னா. அப்பத்தான் மனுசனுக்கு மூச்சே வந்துச்சு. வெரசா மேட்டுக்கு ஏறி, டவர் கெடைக்கிற எடத்துல நின்னு, தோட்டம் விக்கிற ரோசனை இல்லன்னு கோயம்புத்தூர்க்காரருக்குச் சொல்லிட்டு வந்தாரு. வந்து பூண்டுக் கொழம்புச் சோறு மூணு தடவை வாங்கித் தின்னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

பணம் வந்ததும் மொத வேலையா லோனை அடைச்சிரு, எங்களுக்கு எதுவும் அனுப்பாத, நடவுக்கு வெதைப்பூண்டு இருக்கு. இன்னொண்ணு. போகும்போது மணிமேகலை வாய்தவறி ஒண்ணைச் சொல்லிட்டா. ரெண்டு மாசமா உனக்கு அடிவயித்துல வலியாம், அங்க டாக்டரைப் பாக்கவே ரொம்பக் காசாம், லோன் முடியட்டும்னு தள்ளிப் போடுறியாம். கேட்டதும் ஜெயிச்ச சந்தோசம் பாதி எறங்கிருச்சு. அப்பா, நான் சொன்னேன்னே எழுதுன்னாரு, அவரு சொன்னபடியே எழுதுறேன்: "நான் ஊருக்குக் கட்டுப்பட்டுப் படுத்துக் கெடந்தேன். உன் கையில என்ன காப்பா கட்டியிருக்கு? நாளைக்கே போ."

மாரியாத்தா உன்னை நோய்நொடி இல்லாம வச்சுக் காப்பாத்தணும். டாக்டரைப் பாத்ததும் ராவோ பகலோ மணிமேகலைக்குப் போன் அடி, அவ எப்பிடியாவது எங்களுக்குச் சொல்லி விட்டுருவா.

உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கிற
அம்மா சிவபாக்கியம்,
பக்கத்துல அப்பா வேலுச்சாமி