இடது சக்கரத்தின் மரை

இதை யாராவது கண்டெடுத்தால், கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக எங்கள் அந்தோணி மாமாவிடம். இது என் நைனாவுக்கு எழுதுவது.

என் தங்க நைனா,

அம்மா இப்போதுதான் தூங்கினாள். தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னலோரம் மட்டும் விழுகிறது. உன் சிலுவையில் இன்னும் பெயர் எழுதவில்லை.

நீ குடித்துவிட்டு ஓட்டியதாக முதலாளி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அம்மாகூட என்னைக் கேட்டாள், "அன்னிக்கு குட்ச்சிருந்தாராடி?" என்று. இல்லை என்றேன். அதற்குமேல் சொல்லப் பயமாக இருந்தது.

நான்தானே அன்று ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். சினிமா ஷூட்டிங்குக்காக ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரி. முன் சக்கரத்துக்கு அசல் பேரிங் கிடைக்காமல், உள்ளூர் லாரியின் சக்கர ஹப்பை மாட்டுவதற்காக, ஆக்ஸில் முனையை மாமா லேத்தில் கடைந்து நட்டு ஏறுவதற்குப் புது மரை வெட்டியிருந்தார். நீ நட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கத்தினாய்.

"லெஃப்ட்டு சக்கரத்துக்கு ரிவர்ஸ் மரை வோணும் மொதலாளி. இது ஓட ஓட நட்டு தானா கழண்டுக்கும்."

"அந்த நட்டுக்கு நான் எங்க போறது? ஷூட்டிங்காரன் தலமேல ஒக்காந்துகினு கீறான். ஒரு ரவுண்டு போய்ட்டு வா, அப்பால மாத்திக்கலாம். இன்னா, பொண்ணு முன்னாடியே பயமா?"

நீ சிரித்தாய். ஏறினாய். எண்ணூர் ரோட்டில் சக்கரம் தனியாக ஓடிப் போனது. லாரி கடலோரக் கருங்கல்லில் மோதி நின்றது.

ஏன் ஏறினாய் நைனா? நான் அங்கே நின்றதாலா?

இன்னொரு லாரியும் அதே மரையோடு தயாராகிவிட்டது. நாளைக் காலையில் ஷூட்டிங்குக்கு மாமாதான் ஓட்டுகிறார். பட்டாளத்து உடுப்புப் போட்ட ஆட்கள் பின்னால் நிறைந்து நிற்பார்களாம்.

நட்டு கழன்றால் தெரியும்படி, நீ செய்வதுபோலவே, நட்டிலிருந்து ஆக்ஸில் முனைவரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டுவைத்தேன். சாயங்காலம் மாமா டோல்கேட் வரை ஓட்டிவிட்டு வந்தார். கோடு இரண்டாக விலகியிருந்தது.

"மாமா, கோடு நவுந்துச்சு."

"உங்க நைனாவும் இப்டித்தான், கோடு கோடுன்னு பேஜாரு பண்ணுவாரு. கம்முனு கெட. வாயத் தொறந்தா நம்ம வூட்ல ஒல கொதிக்காது."

சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. மாமாவுக்கும் தெரியும், நைனா.

சாவியே இல்லாத வண்டி என்று நீ தினமும் எஞ்சினிலிருந்து அந்தச் சின்ன ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு வருவாயே? "இது பாக்கெட்ல கீற வரைக்கும் எவனும் வண்டியக் கெளப்ப முடியாது" என்பாயே? இன்றைக்கு நாளை ஓடப்போகும் லாரியிலிருந்து அதை நான் கழற்றி வந்துவிட்டேன். எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கையை விட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் கிரீஸ் வாசம் போகவில்லை. கண்டுபிடித்துவிடுவார்களோ?

அடித்தாலும் சரி, அந்த மரையை மாற்றி வெட்டும்வரை கொடுக்க மாட்டேன். உன்மேல் சத்தியம். உன்னை ஏறவிட்டு நின்ற மாதிரி இன்னொரு முறை நிற்க—

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஸ்டெல்லா, தொற. மொதலாளி வந்துகீறாரு."

மாமாவின் குரல். ஜியாமெட்ரி பாக்ஸ் என் மடியில் இருக்கிறது.

உன் பொண்ணு