எறும்பு ஏறிய பச்சைப் பொட்டலம்

மார்ச் 2, சனி

நாங்கள் சனிக்கிழமைகளில் கூடும் அறையில், டெஸ்ட் ஓட்டும் கணினியின் மேல் இருக்கும் பச்சைப் பொட்டலத்துக்குள் எறும்புகள் போய் வந்துகொண்டிருந்தன. கணினி அடம் பிடிக்காமல் ஓட வேண்டும் என்று இந்த ஊரில் அதன் மேல் வைக்கும் சோளப்பொரி அது. ஓரத்தில் சின்ன ஓட்டை. தேதி பார்த்தேன். ஜனவரியோடு முடிந்துவிட்டது.

எங்கள் குழுவில் இருக்கும் தெ-ஷெங்கிடம் காட்டினேன். சிரித்தான். "அதான பாத்தேன். சோளப்பொரி பழசாயிடுச்சு, மெஷின் அடம் பிடிக்குது. தங்கச்சி, போய் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா. பச்சைதான் வாங்கணும். மஞ்சள் வெச்சா மொத்தமா படுத்துரும்."

பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறான். மீதிப் பாதி?

இன்றைக்கும் டெஸ்ட் தோற்று, திரை சிவப்பில்தான் முடிந்தது. அதற்குக் காரணம் பொரி இல்லை, நான் எழுதியது.

மார்ச் 3, ஞாயிறு

எங்கள் லைப்ரரி, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த நாங்கள் சேர்ந்து எழுதும் நிரல் தொகுப்பு, அதற்கு ஒரே வேலைதான். யாராவது தங்கள் நிரலைச் சோதிக்கும்போது ஒவ்வொரு டெஸ்டுக்கும் சுத்தமான டேட்டாபேஸைக் கொடுக்க வேண்டும். டெஸ்ட் முடிந்ததும் அதில் எழுதியதையெல்லாம் அழித்துவிட வேண்டும். அம்மாவின் காலைச் சிற்றுண்டிக் கடையில் ஒருவர் எழுந்து போனதும் நான் மேசை துடைப்பேனே, அதுபோல.

ஒரு வேலை முடியும்வரை நிற்காமல் அடுத்ததைத் தொடங்கிவிடும் நிரல்களுக்கும் இந்த வசதி வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்கிறார்கள். அசின்க் என்பார்கள். லைப்ரரியைத் தொடங்கிய ஹான் அண்ணா அதை என்னை எழுதச் சொன்னார். பள்ளியை விட்டு நின்ற பிறகு என்னிடம் ஒருவர் நம்பிக் கொடுத்த முதல் வேலை.

ஆனால் எப்போதாவது, முந்தின டெஸ்ட் எழுதிய பெயர் அடுத்த டெஸ்டில் தலைகாட்டுகிறது. எச்சில் கிண்ணத்தில் அடுத்தவருக்குச் சோயாப் பால் ஊற்றிக் கொடுத்த மாதிரி.

மார்ச் 5, செவ்வாய்

எங்கே கசிகிறது என்று பாதி தெரிந்துவிட்டது, குழுவிலும் எழுதினேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கும்போது ஒன்று மட்டும் டேட்டாபேஸுக்கு இன்னொரு வழி திறந்துகொள்கிறது. நான் துடைப்பது முதல் மேசையை மட்டும். இரண்டாவது எப்போது திறக்கிறது, ஏன் திறக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

இன்னும் மூன்று வாரமாவது வேண்டும். ஹான் அண்ணாவோ வரும் பதினாறாம் தேதி தைப்பேயில் மேடையேறி இதைப் பற்றிப் பேசப் போகிறார்.

மார்ச் 6, புதன்

சீ.

தெ-ஷெங் "சரிசெய்துவிட்டேன்" என்று குழுவில் எழுதியிருந்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. டெஸ்ட் தோற்றால் சத்தமில்லாமல் மறுபடி ஓட்டு, மறுபடியும் தோற்றால் இன்னொரு தடவை ஓட்டு, ஒரு முறை தேறினாலும் பச்சை காட்டு. இதைப் போட்டது எங்கள் டெஸ்டில் மட்டும் என்றாலும் பரவாயில்லை. லைப்ரரிக்குள்ளேயே போட்டிருக்கிறான். இதைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் இனி இப்படித்தான்.

அதன் கீழே "இது சரியா?" என்று கேட்டேன். அந்த இரண்டு வார்த்தையை எழுதவே அரை மணி நேரம் ஆயிற்று. தெ-ஷெங் ஒரு சிரிக்கும் பூனைப் படம் போட்டான். ஹான் அண்ணா கட்டைவிரல் உயர்த்தினார். எனக்கா, பூனைக்கா, தெரியவில்லை. சாயங்காலமே முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டும் விட்டார்கள்.

மார்ச் 9, சனி

எல்லாம் பச்சை. ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்துத் தேநீர் வாங்கி வந்து கொண்டாடினார்கள். எழுதியவர்கள் வரிசையில் என் பெயரை முதலில் போட்டிருக்கிறார்கள்.

ஹான் அண்ணாவிடம் தனியாகச் சொல்ல நினைத்தேன். தட்டு கழுவும் இடம் வரை அவர் பின்னாலேயே போனேன்.

"என்ன ச்சின், எதாவது சொல்லணுமா?"

"இல்ல."

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு? தேநீர்ல சர்க்கரை கம்மியா?"

ஆமாம் என்றேன். ஆமாம்! அவர் தன் தேநீரைக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பழைய பொட்டலம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பச்சை வந்த பிறகு அதைத் தொடக் கூடாதாம். எறும்போடு இருக்கட்டுமாம்.

மார்ச் 13, புதன்

ச்சியாயீ நகரத்தில் நாய்க் காப்பகம் ஒன்று. அங்கே தன்னார்வலராக இருக்கும் ஒரு பெண் எங்கள் இணையப் பக்கத்தில் புகார் எழுதியிருக்கிறார். யார் எந்த நாயைத் தத்தெடுக்கிறார்கள் என்று பதிவு செய்யும் நிரல் அவர் எழுதியது. எங்கள் முன்னோட்டப் பதிப்பில் சோதித்தாராம், எல்லாம் பச்சை. நம்பி வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாய்க்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்றிருக்கின்றன. இரண்டிலும் குழந்தைகள். ஒரு குழந்தை வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லையாம்.

"தவறு என்னுடையதாகவும் இருக்கலாம், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று முடித்திருந்தார்.

தவறு அவர் நிரலில்தான். ஆனால் அவருடைய டெஸ்ட் முதல் தடவையே அதைப் பிடித்திருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்திவிட்டு மறுபடி ஓட்டினோம்.

தெ-ஷெங்கின் பதில்: "உங்க நிரலைப் பாருங்க." புகாரை மூடிவிட்டான்.

மூடிய கடையில் உட்கார்ந்து, முட்டை அடை சுடும் இரும்புக் கல்லை மாலை முழுக்கச் சுரண்டினேன். "அதுல ஓட்டை போட்டுராதடி" என்றார் அம்மா.

மார்ச் 15, வெள்ளி

தெ-ஷெங் போட்ட வரியை எடுத்துவிட்டேன். புது முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டேன். வெளியிடும் உரிமையை ஹான் அண்ணாவே போன வருஷம் எனக்குக் கொடுத்திருந்தார், நான் பயன்படுத்தியதே இல்லை. எங்கள் டெஸ்ட் சிவப்பானது. காப்பகத்துப் பெண்ணின் புகாரைத் திறந்து, "உங்கள் டெஸ்ட் கண்டுபிடித்தது, நாங்கள் மறைத்தோம்" என்று எழுதினேன்.

ஹான் அண்ணா போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது.

"என்னம்மா பண்ணிட்ட? நாளைக்கு மேடையில ஓட்டிக் காட்டணும்."

போனோடு கடைக்கு வெளியே வந்து நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். இது சரியான்னு."

அவருக்குப் பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது.

"திரும்பப் போடச் சொன்னா போடுவியா?"

"நீங்களே போட்டுக்கோங்க. என் பேர எடுத்துடுங்க."

வைத்துவிட்டார். எனக்கென்று இருந்தது அந்த ஒரு இடம்தான். அதுவும் போயிற்று.

மார்ச் 16, சனி

நேரலையில் பார்த்தேன். ஹான் அண்ணா வரியைத் திரும்பப் போடவில்லை. நூறு பேருக்கு முன்னால் ஓட்டினார், சிவப்பு. "இதுதான் இன்றைய நிலை" என்றார். தண்ணீர் குடித்தார். யாரோ சிரித்தார்கள்.

மார்ச் 20, புதன்

தெ-ஷெங் குழுவில் எழுதியிருக்கிறான்: "பத்தாங் கிளாஸ் கூட முடிக்கல, அதுக்குள்ள எங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தர்றா." யாரும் அதற்குப் பதில் போடவில்லை. ஹான் அண்ணாவும்தான்.

மார்ச் 23, சனி

சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று இருந்தேன். போனேன்.

தெ-ஷெங் வரவில்லை. ஆனால் பழைய பொட்டலம் இருந்த இடத்தில் புதுப் பச்சைப் பொட்டலம், மேலே மைப் பேனாவால் "தங்கச்சி, தொடாதே" என்று அவன் கையெழுத்து. அதற்குக் கீழே திரை சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ஹான் அண்ணா, இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது வழி எங்க திறக்குதுன்னு பாதி தெரியும்னியே. அந்தப் பாதியக் காட்டு."

கணினி மேல் செத்துக் கிடந்த எறும்புகளைத் துணியால் துடைத்தேன். உட்கார்ந்தேன். அந்தப் புதுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன்.