நாலாவது பாட்டில் ஒரு மூச்சு

என் அன்புப் பட்டாணிக்கு,

ஊரே அடங்கிய இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அது தூக்கக் கலக்கம்தான், வேறு எதுவும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த ‘இருவரும்’ வரும்போது கை நின்றுவிட்டது, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். போனில் பேசலாமே என்பாய். நான் உன்னைக் கூப்பிட்டாலே உன் அப்பாவுக்கு மூக்கில் வேர்த்து எங்கிருந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், நீயும் எடுத்தவுடன் அப்பா எங்கே அப்பா எங்கே என்கிறாய், எனக்கு அதுவே சந்தேகம். அதோடு நேரில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், காகிதத்தில் அப்படிச் சிரிக்க முடியாது பார்.

வீட்டுச் செய்தி முதலில். உன் சித்தி புது வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறாள், அது சுற்றும்போது தானாக நகர்ந்து நகர்ந்து கூடத்துக்கே வந்துவிடுகிறதாம், உங்க சித்தப்பாவை விட அதுதான் வீட்டுல நல்லா நடமாடுதுடி என்கிறாள். என் ஆபீஸில் புது மேனேஜர் என் மேசையைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார், நாள் முழுக்க அனல், வருகிறவர்கள் எல்லாம் என்னிடமே பேப்பரை நீட்டுகிறார்கள். பின்னறைக் கூரை மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது, அப்பாவுடைய ஸ்பீக்கர்களைக் கட்டில்மேல் ஏற்றி பிளாஸ்டிக் ஷீட் போர்த்தியிருக்கிறேன், நான் ஒருத்திதான் ஏற்றினேன், அவர் கதவருகில் நின்று பார்த்து பார்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் மனதில் குறித்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா குழுவில் கிட்டார் வாசித்த காலத்தில் ரசிகர்கள் மேடைக்குக் கீழே நின்று கத்திவிட்டுப் போய்விடுவார்கள், அதோடு சரி. நாலு பேரும் சண்டை போட்டுப் பிரிந்து, அப்பா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நீ அவர்கூட உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்து, நீ வெளிநாடு போன பிறகு அந்தத் தனி ஆல்பம் வந்ததே, அதற்கப்புறம்தான் இவர்கள் வீடு வரைக்கும் வர ஆரம்பித்தார்கள். மாதம் ஒருமுறை சைக்கிள் கடை மாடியில் கூடுகிறார்கள், எங்களையும் கூப்பிடுகிறார்கள். உள்ளே போகும்போதே செல்போனை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுவிட வேண்டும், பாட்டு ஓடும்போது யாரும் மூச்சு விடக்கூடாது, முடிந்தபிறகு சண்டை போடலாம். சண்டையில் இரண்டு கட்சி. தனி ஆல்பம் கட்சிக்குத் தலைவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு நெட்டை மனிதர், நான் மனதுக்குள் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். குழுக் கட்சிக்குத் தலைவி ஒரு பல் டாக்டரம்மா. குழுவில இருந்தப்போ அண்ணன் மத்தவங்களுக்காக வாசிச்சாரு, இதுலதான் தனக்காக வாசிக்கிறாரு என்பார் அவர். தனக்காக வாசிக்கறதுன்னா வீட்டு பாத்ரூம்ல வாசிக்கலாமே, எங்களுக்கு எதுக்கு என்பாள் இவள். அந்தக் காலத்துல சுரத்தை நேராப் போய் தொடவே மாட்டாரு, கீழேருந்து வழுக்கிக்கிட்டே வருவாரு, லேட்டானாலும் கரெக்டா நம்ம முன்னால வந்து நிக்கிற பஸ் மாதிரி, அந்த மனுஷன் எங்கே போனாரு என்று கேட்பாள். உடனே ஒட்டடைக்குச்சி, அது பழைய ரூட்டுங்க, இப்போ அண்ணன் முதல்ல தொட்டுட்டு அப்புறம் கம்பியைத் தள்ளி அழ வைக்கிறாரு, வயசாக ஆக கை இளசாகுது என்று கையைத் தூக்கிக் காட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். உன் அப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

நான் சந்தேகப்பிராணி என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். புள்ளியியல் படித்தவளுக்கு ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கோடு போடக்கூடாது என்று தெரியும், அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதல் புள்ளி அந்த டாக்டரம்மா. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை, கையையே பார்க்கிறாள். டீ குடிக்கும்போது கை, படி இறங்கும்போது கை. எந்தப் பெண்பிள்ளை அடுத்தவள் புருஷன் கையை அப்படிப் பார்ப்பாள்? அதே சமயத்தில் அப்பா பட்டன் வைத்த சட்டைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு டீஷர்ட்டுக்கு மாறினார். ஏன் என்றால் இஸ்திரி சரியில்லையாம். இத்தனை வருஷமாக அதே இஸ்திரிதானே. நரைத்த தாடிக்குக் கீழே சிவப்பு டீஷர்ட்டு, சரிதான், கிழவனுக்கு இளமை திரும்புகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. அவரை விடப் பத்து வயது சின்னவள் நான், நாம் சேர்ந்து கடைக்குப் போனால் என்னை உன் அக்காவா என்று கேட்பார்கள், நான் இருக்கும்போதே இப்படியா என்று இரண்டு இரவு அழக்கூடச் செய்தேன். ஆனால் இன்னொரு பக்கம் ராத்திரி ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வந்து, நீ உரிச்சுக் குடேன் என்று என் மடியில் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத கொஞ்சல். குற்ற மனசு கொஞ்சுகிறது என்றும் நினைத்தேன், பாதி சந்தோஷமும் பட்டேன், உரித்துச் சுளை சுளையாக ஊட்டியும் விட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் உன் அம்மா.

போன வாரக் கூட்டத்தில் தம்ளர்களைக் கழுவலாம் என்று நான் பின்பக்கம் போனேன், டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று நான் தம்ளரைக் கீழே வைத்தால், அவள் முந்திக்கொண்டு, தப்பா நினைக்காதீங்க, சாரோட இடது கையை டாக்டர்கிட்ட காட்டினீங்களா என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி ரெண்டு விரலும் மடங்கியே இருக்குதும்மா, கப்பை ரெண்டு கையாலயும் பிடிக்கிறாரு, நான் நாளெல்லாம் சின்னச் சின்னக் கருவிய விரல் நுனியில பிடிக்கிறவ, எனக்குக் கண்ணுல படுது, பல்லுன்னா நானே பார்த்துடுவேன், இது நரம்பு, தள்ளிப்போடாதீங்க என்று நரம்பு டாக்டர் ஒருவரின் பெயரையும் நம்பரையும் என் கையில் எழுதியே கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டார். இனிமேல் நான் அவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், மனதுக்குள் அத்தனை திட்டியிருக்கிறேன்.

அப்போது உள்ளே கூட்டத்தின் கடைசிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஆல்பத்தில் யாராவது ஒருவர் ஒரு இடத்தைச் சொல்வார், அதை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போடுவார்கள். ஒட்டடைக்குச்சி நாலாவது பாட்டைச் சொன்னார். ட்ரம்ஸ் நின்று, எல்லாம் நின்று, அந்தத் தனி வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு வருகிறது. கிட்டார் கூட இல்லை, மூச்சு. இதுல இருக்குதுங்க, கூட வாசிச்சவங்க விட்டுட்டுப் போன துக்கம் முழுக்க இந்த ஒரு மூச்சுல இருக்குது என்றார் அவர், பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் ஈரக் கையோடு வாசலில் நின்று கேட்டேன். இரண்டு சின்ன உறிஞ்சல், ஒரு பெரிய உறிஞ்சல். துக்கமாவது மண்ணாங்கட்டியாவது, அது சைனஸ். நீ ஊசி போட்டுக்கொள்ள உட்காருவதற்கு முன்னால், பரீட்சை ஹாலுக்குள் போவதற்கு முன்னால், பின்னறை ஈரத்தில் கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் நான் கேட்ட உறிஞ்சல். உன் அப்பாவுக்குச் சளி பிடித்தால் தும்முவார், வீடு அதிரும், உறிஞ்சுகிற ஆள் அவர் இல்லை. மூன்றாவது தடவை போட்டபோது நான் மூச்சோடு நிறுத்தவில்லை, அதற்கப்புறம் வருகிற வாசிப்பையும் கேட்டேன். அந்தக் கை யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன், மைக்கில் என் மூச்சு பட்டிருக்கும் என்று நீ சொல்லலாம். நானும் வீடு வரும்வரை எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் ஸ்பீக்கர்களை ஏற்றியபோது கட்டிலுக்கடியில் கிட்டார் கம்பி வந்த காலி உறைகள் கிடந்தன, எல்லாம் மெல்லிய கம்பி. மெல்லிய கம்பி கொசுவலை கட்டத்தான் ஆகும் என்று அப்பா உன்னை எத்தனை தடவை சீண்டியிருக்கிறார். அவர் கிட்டார் பெட்டியின் ஜிப் எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்றே தெரியவில்லை, கேட்டால் விரலுக்கு ரெஸ்ட்டு குடுக்கணும் என்கிறார். இதில் அடுத்த மாதக் கடைசியில் பெரிய ஹால் பிடித்து, முழு ஆல்பத்தையும் மேடையில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார், டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. இரண்டு விரல் மடங்காத, சரியாகச் சொன்னால் நிமிராத ஒரு மனிதர் எந்தத் தைரியத்தில் சரி என்றார் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அன்றைக்குப் படி இறங்கும்போது ஒட்டடைக்குச்சியே வாயை விட்டார், பொண்ணு லீவுல வந்து கூட ரெண்டாவது கிட்டார் வாசிக்கப்போறாங்களாமே, உங்களுக்குத் தெரியாததா என்று. தெரியுமே என்று பல்லைக் காட்டினேன். நீ வரப்போகிறாய் என்பதை ஒரு இன்ஷூரன்ஸ்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா பட்டாணி?

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்கு அந்த மாடியில் அத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு உன் வாசிப்பில் கரைந்து உட்கார்ந்திருந்தார்களே, அது நான் பெற்ற பிள்ளை என்று பக்கெட்டைத் தட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினால் அப்பா தலை குனிந்துவிடும், அதனால் தம்ளர்களைத் துடைத்து அடுக்கிவிட்டு வந்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பொய் சொல்வார், ஒருதடவை சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்து சொல்ல வேண்டிவரும், அந்த நிலைக்கு அவரைத் தள்ள எனக்கு மனமில்லை. யார் வாசித்தது என்பதை ரசிகர்களுக்கு எப்போது எப்படிச் சொல்வது என்பது உங்கள் இருவர் பாடு, அதில் நான் தலையிடமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், மேடையில் அவரை மறைத்துக்கொண்டு உட்காருவதற்காக லீவு போடாதே. போடுவதானால் ஒரு வாரம் முன்னதாகப் போட்டுவிட்டு வா, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை அந்த நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போகலாம். உன் பேச்சை அவர் தட்டமாட்டார். நம்பருக்கு நேற்று போன் செய்து கேட்டேன், முதல்ல எப்போதிலிருந்து இப்படி இருக்குன்னு சொல்லுங்க, அதை வச்சுத்தான் மத்ததெல்லாம் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. அதே கட்டிலில் படுத்துக்கொண்டு, அதே கைக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் போன வாரம் என்பார். உனக்குத்தான் தெரியும், எந்தப் பாட்டில் அவர் கிட்டாரை உன்னிடம் நீட்டினார், அன்றைக்கு அவருக்கு வலித்ததா, மரத்துப்போயிருந்ததா, இல்லை விரல் சும்மா கேட்கவில்லையா. அதை மட்டும் ஒளிக்காமல் எழுது. உன்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேன், இது சத்தியம்.

பாலம் கட்டுகிற இடத்தில் ஹெல்மெட் போடாமல் ஏறாதே, அறைச் சாவியை யாருக்கும் இரவல் கொடுக்காதே, அந்த அடுத்த அறைப் பெண் இனிக்க இனிக்கப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தாய், எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் எதையும் மறைக்கத் தேவையில்லாமல், உன் பெயரிலேயே நாலு பேர் மெச்ச வாழவேண்டும், அதுதான் என் ஆசி. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, ஆபீஸ் முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்பு. சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா