மைக்குக்குக் கேட்டது

போத்தனூர், கோவை.

பிரியமுள்ள தம்பி ஜெஃபினுக்கு,

அக்கா ஜோஸ்லின் எழுதுகிறேன். அந்த வால்பாறைக் குளிரில் நீயும் கயல்விழியும் குழந்தையும் கர்த்தருடைய கிருபையால் சுகமாய் இருக்க வேண்டும். உன் பழைய எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள். நம் சபை டெய்சியின் கொழுந்தன் உங்கள் எஸ்டேட் ஆபீசில் இருக்கிறாராம். அவர் மூலம்தான் இந்த முகவரி கிடைத்தது. கோபத்தில் கிழித்துப் போடாமல் முழுவதும் படி.

நான் பாட்காஸ்ட் செய்வது உனக்குத் தெரியுமோ என்னவோ. மாடித்தோட்டம்தான் விஷயம். மாவுப்பூச்சி, மண்புழு உரம் என்று வாரம் ஒரு முறை ஒருத்தியாக உட்கார்ந்து பேசுகிறேன். எதிரில் ஆளே இல்லாமல் எப்படிப் பேசுகிறாய் என்று கேட்பாய். சின்ன வயதில் உன்னிடம் பேசியதும் அப்படித்தான். நீ எங்கே காதில் வாங்கினாய்?

கிராஸ்கட் ரோட்டுக் கடையில் சஹீர் என்ற தம்பிதான் சாமான் காட்டியது. தனியாகப் பேசுவதற்கு வாய்க்குப் பக்கத்தில் வைக்கிற டைனமிக் மைக் போதும் என்றது. "அக்கம்பக்கத்துச் சத்தம் அவ்வளவா ஏறாதுங்க்கா. ஒயர் ஹெட்போனை மைக்குலயே சொருகிக்குங்க. மைக்குக்குக் கேக்கறதெல்லாம் உங்களுக்கும் கேக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னது. நான் கேட்டால்தானே! யூடியூபில் பார்த்த கண்டென்சர் மைக்தான் வேண்டும் என்று நின்றேன். ஹெட்போனும் அப்படியே. ரயில் போகிற சத்தத்தில் எனக்குப் பேச்சு தடுமாறுகிறது என்று, வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத ப்ளூடூத் ஹெட்போனாகப் பார்த்து வாங்கினேன்.

அந்த மைக் எறும்பு ஊர்ந்தால்கூடப் பிடித்துவிடும். அதனால் ரெக்கார்டிங் என்றால் ஜன்னலைச் சாத்துவேன், ஃபேனை நிறுத்துவேன், காலிங்பெல் சுவிட்சையும் அணைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அப்பா ஆராதனை முடிந்து இன்னும் வரவில்லை. என் வண்டி வாசலில் நின்றது. நான் ஹாலில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கறிவேப்பிலைச் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எடிட் செய்ய உட்கார்ந்தபோது இடையில் ஏதோ சத்தம் கேட்டது. இந்த மைக்கோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று திட்டிக்கொண்டே ஒலியைக் கூட்டினேன். கதவைத் தட்டுகிற சத்தம். பிறகு உன் குரல். "அக்கா, நான்தான் ஜெஃபின். கதவத் தொறக்கா." நான் பாட்டுக்குப் புளித்த மோரை எத்தனை நாளைக்கு ஒரு முறை ஊற்றலாம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். கயல்விழி சொல்கிறாள், "ஏனுங்க, வண்டி நிக்குது, உள்ள பேச்சுக் குரலும் கேக்குது. தொறக்க மாட்டேங்கறாங்களாட்ட இருக்குது. போலாமுங்க." நீ, "இல்ல அம்மணி, எங்கக்கா அப்படிச் செய்யாது" என்கிறாய். அதன் பிறகும் தட்டுகிறாய். கடைசியில் ஒரு மழலைக் குரல், "அத்தே" என்று. அதற்கப்புறம் கேட் சாத்துகிற சத்தம்.

தம்பி, சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கடைத் தம்பி சொன்ன ஹெட்போனை மாட்டியிருந்தால் முதல் தட்டிலேயே எழுந்து ஓடி வந்திருப்பேன். அது சொன்ன மைக்கை வாங்கியிருந்தாலோ நீ வந்து போனதே தெரிந்திருக்காது. எதை நினைத்து அழுவது என்றே தெரியவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தையோடு இறங்கி வந்தவர்கள், மூன்று வருடம் கழித்து வாசல் வரை வந்தவர்கள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறீர்கள். கயல்விழி என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்! "எங்கக்கா அப்படிச் செய்யாது" என்று நீ சொன்னது பொய்யாகிவிட்டதே என்றுதான் எனக்கு ஆறவே இல்லை.

அப்பாவிடம் மறைக்க மனம் வரவில்லை. உன் கல்யாணத்துக்கு எங்கள் யாரையும் போகவிடாத மனிதர், என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். உன் குரல் வந்தபோது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை கூப்பிட்ட இடம் வந்ததும், "இன்னொருக்கா வையி அம்மணி" என்றார். அதற்குப் பிறகும் கேட்டார். நாலு நாளாகத் தினமும் கேட்கிறார்.

இப்போது காலிங்பெல் சுவிட்சை நான் தொடுவதே இல்லை. நீ எப்போது வந்தாலும் சரி. வர மனமில்லை என்றாலும் ஒரு வரி எழுது. கயல்விழியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

அப்பா ராத்திரி ஜெபத்தில் "ஜெஃபின் குழந்தை" என்று சொல்லி நிறுத்துகிறார். பையனா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பெயரையாவது எழுதி அனுப்பு, கண்ணு.

உன் அக்கா,
ஜோஸ்லின்